பிள்ளையின் திறமை ஓர் அமானிதம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற மாணவ, மாணவியர் பரிசளிப்பு நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புகழனைத்தும் ஏக இறைவனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. ஆமீன்.

    

ஆண்டுதோறும் இந்த நிகழ்ச்சியில் திருக்குர்ஆன் ஓதுவதில் சிறந்து விளங்கும் மக்தப் பிள்ளைகளுக்கும், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கும் பரிசு வழங்கி வருகிறோம். இவ்வாண்டு நிர்வாகக் குழுவினர் மூன்றாவது வரிசை ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். பள்ளிகளுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிகளில் வென்று வந்த நம் பிள்ளைகளும் இன்று பரிசு பெறுகிறார்கள்.

இதைக் கேள்விப்பட்ட பெரியவர் ஒருவர் சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், ஓதுகிற பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிறோம், சரி. படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கிறோம், அதுவும் சரி. ஓடுகிற பிள்ளைக்கும் பந்து எறிகிற பிள்ளைக்கும் பள்ளிவாசலில் எதற்குப் பரிசு?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அவருக்கு அன்று நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுமையான விடையை இன்று உங்கள் அனைவர் முன்னிலையிலும் சொல்ல முயல்கிறேன். அந்த விடையில் என்னைப் பற்றிய ஒரு செய்தியும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஓர் ஆட்டோ ஓட்டுநரின் வீடு

நம் ஊரிலிருந்து சென்னை அதிகத் தொலைவில் இல்லை. சென்னையின் வடபகுதியில் புதுவண்ணாரப்பேட்டை இருக்கிறது. துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் நெருங்கி வாழும் பகுதி அது. அங்கே மெகபூப் பாஷா என்னும் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா. 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆறாவது கேரம் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. அதில் மகளிர் ஒற்றையர், இரட்டையர், குழு ஆட்டம் ஆகிய மூன்று பிரிவுகளிலும் காசிமா தங்கப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. அவருடன் சென்று வென்ற மித்ரா, நாகஜோதி ஆகிய இரு வீராங்கனைகளுக்கும் தலா 50 இலட்சம் ரூபாய் வழங்கியது.

கோடி ரூபாயைப் பற்றி அன்றைய நாளிதழ்கள் நிறைய எழுதின. நாம் சிந்திக்க வேண்டியது அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி. கேரம் பலகையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளையில் ஒன்பது காய், கறுப்பில் ஒன்பது காய், நடுவில் சிவப்புக் காய் ஒன்று. அந்தச் சதுரப் பலகையில் விரல் நுனியின் அளவை ஆயிரமாயிரம் முறை பழக்கினால்தான் ஒரு காய் நினைத்த குழியில் விழும். அதற்குப் பெரிய மைதானம் வேண்டியதில்லை. விலையுயர்ந்த காலணி வேண்டியதில்லை. ஆனால், பக்கத்தில் அமர்ந்து பொறுமையோடு பார்க்கும் ஒருவர் வேண்டும். நாள் முழுவதும் வெயிலிலும் நெரிசலிலும் வண்டி ஓட்டுகிற ஒரு தந்தை, தம் மகளின் விரலில் ஒரு திறமை இருப்பதைக் கண்டுகொண்டார். அதை வீண் வேலை என்று ஒதுக்கவில்லை. அவர் கண்டுகொள்ளாமல் இருந்திருந்தால் கலிபோர்னியாவும் இல்லை, கோடியும் இல்லை.

வடசென்னைக்கு இது புதிதும் அன்று. கேரத்தில் 1991இலும் 1995இலும் உலக வாகையராகத் திகழ்ந்து, 1996இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் அவர்களும் சென்னைக்காரரே. அவர் கிறித்தவச் சகோதரர். எளிய தெருக்களில் தொடங்கிய அந்த ஆட்டத்தின் பெருமையை நாற்பது ஆண்டுகளாக வெவ்வேறு சமயத்தைச் சேர்ந்த குடும்பங்கள் கைமாற்றித் தந்து வந்திருக்கின்றன. உழைத்துப் பெற்ற திறமை எந்த வீட்டில் இருந்தாலும் அதை மதிப்பது நம் பண்பாடு.

கபுருக்கு நேராக வந்த மகன்

இன்னோர் ஆட்டோ ஓட்டுநரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பேசுகிற அதே தக்னி உருது பேசும் ஹைதராபாத்தைச் சேர்ந்தவர் அவர். பெயர் முஹம்மது கவுஸ். அவருடைய மகன்தான் கிரிக்கெட் வீரர் முஹம்மது சிராஜ். நம் இளைஞர்களுக்கு சிராஜ் எத்தனை விக்கெட் எடுத்தார் என்பது தெரியும். அவருடைய தந்தையைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

மகன் இந்திய அணிக்கு ஆட வேண்டும் என்பது கவுஸ் அவர்களின் ஆசை. ஆட்டோவில் கிடைத்த வருமானத்தில் குடும்பத்தை நடத்தி, மகனின் ஆட்டத்துக்கும் வழி செய்தார். 2020ஆம் ஆண்டு நவம்பரில் இந்திய அணியோடு சிராஜ் ஆஸ்திரேலியா சென்றார். கொரோனா காலம், அணியினர் அனைவரும் தனிமைப்படுத்தப்பட்டிருந்தார்கள். நவம்பர் 20ஆம் நாள் தந்தை மவுத்தாகிவிட்ட செய்தி வந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஊர் திரும்ப விரும்பினால் திரும்பலாம் என்று கிரிக்கெட் வாரியம் கூறியது. தாயாரோ, தந்தையின் ஆசையை நிறைவேற்றிவிட்டு வா என்ற கருத்தில் மகனைத் தேற்றினார். சிராஜ் அங்கேயே தங்கினார்.

பெற்ற தந்தையின் ஜனாஸாவைச் சுமக்க இயலாத வேதனை எத்தகையது என்பதை, வளைகுடாவில் இருந்தபோது வீட்டில் மவுத்துச் செய்தி கேட்டவர்கள் அறிவார்கள். இந்தச் சபையிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

டிசம்பர் 26ஆம் நாள் மெல்போர்னில் சிராஜ் தம் முதல் டெஸ்ட் போட்டியில் ஆடினார். 2021 ஜனவரியில் சிட்னி மைதானத்தில் பார்வையாளர் சிலர் அவரை இழித்துப் பேசினார்கள். அவர் பதிலுக்கு ஏசவில்லை. வாயை மூடிக்கொண்டு பொறுத்துப் போகவும் இல்லை. அணித் தலைவரிடம் முறையிட்டார், ஆட்டம் நிறுத்தப்பட்டது, பார்வையாளர் ஆறு பேர் வெளியேற்றப்பட்டனர். ஸப்ரு என்றால் அநீதியைக் கண்டு ஒடுங்கிக் கிடப்பது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிறகு பிரிஸ்பேனில், 1988க்குப் பின் ஆஸ்திரேலியா தோல்வியே காணாதிருந்த மைதானத்தில், இரண்டாம் இன்னிங்ஸில் 73 ஓட்டங்கள் கொடுத்து ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஜனவரி 19ஆம் நாள் இந்தியா வென்றது.

ஜனவரி 21ஆம் நாள் அவர் ஹைதராபாத்தில் வந்து இறங்கினார். அவர் முதலில் போனது வீட்டுக்கு அன்று. விமான நிலையத்திலிருந்து நேராகக் கபுருஸ்தானுக்குச் சென்றார். தந்தையின் கபுருக்கு அருகே நின்று துஆச் செய்தார். அதற்குப் பிறகே வீட்டுக்குச் சென்றார்.

மனிதன் மரணித்த பின்னும் அவனுக்குத் தொடர்ந்து நன்மை சேர்ப்பவை மூன்று என்றும், அவற்றுள் ஒன்று அவனுக்காக துஆச் செய்யும் நல்ல பிள்ளை என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்திருப்பதை நாம் அறிவோம். கவுஸ் அவர்கள் மகனுடைய டெஸ்ட் ஆட்டத்தைக் கண்ணால் காணவில்லை. ஆனால், வெற்றியோடு திரும்பிய மகனின் கால்கள் முதலில் தம் கபுரை நோக்கி நடக்கும்படி வளர்த்துவிட்டுப் போயிருந்தார். என்னைக் கேட்டால், ஐந்து விக்கெட்டைவிட அதுவே பெரிய சாதனை.

உறவினர் பேச்சு

மூன்றாவதாக, தெலங்கானாவின் நிஜாமாபாத் நகரைச் சேர்ந்த நிகத் ஜரீன். 2022இல் இஸ்தான்புல் நகரிலும் 2023இல் புதுடில்லியிலும் நடந்த மகளிர் உலகக் குத்துச்சண்டைப் போட்டிகளில் தங்கம் வென்றவர். அவருடைய தந்தை முஹம்மது ஜமீல் அஹ்மத் இளமையில் தாமே விளையாட்டு வீரராக இருந்தவர். சவூதியில் வேலை பார்த்துத் திரும்பியவர். நான்கு பெண் மக்களின் தந்தை. மகளை அவர் இந்தத் துறைக்கு அனுப்பியபோது உறவினரும் அக்கம்பக்கத்தாரும் பலவாறாகப் பேசியதைத் தந்தையும் மகளும் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார்கள்.

குத்துச்சண்டை பற்றியும், உடை பற்றியும் மார்க்க அறிஞர்களுக்குச் சொல்ல வேண்டியவை உண்டு. முகத்தில் தாக்குவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை நான் மறைக்கப்போவதில்லை. எல்லோரும் அந்தத் துறைக்குப் போங்கள் என்று சொல்வதற்காக நான் இவரை எடுத்துக்காட்டவில்லை. இங்கே நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. ஊர் வாய்க்கு அஞ்சி அந்தத் தந்தை தம் மகளின் முகத்தைப் பாராமல் இருந்துவிடவில்லை. பெண் மக்களை அன்போடு வளர்ப்பவருக்கு அவர்களே நரகத்தைத் தடுக்கும் திரையாவார்கள் என்பது நமக்குச் சொல்லப்பட்ட நற்செய்தி. வளர்ப்பது என்றால் சோறு போடுவதும் நிக்காஹ் செய்து வைப்பதும் மட்டும்தானா? இதை ஒவ்வொருவரும் தம் உள்ளத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெருமானார் காலத்து மைதானம்

இனி மார்க்கத்தின் பக்கம் வருகிறேன். பெரியவர் கேட்ட கேள்விக்கு நேரடியான விடை இங்கேதான் இருக்கிறது.

மதீனாவில் பெருமானார் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மெலிய வைத்துப் பயிற்றுவித்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்து அல்லது ஆறு மைல். பயிற்றுவிக்கப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல். பந்தயத்தின் முடிவெல்லை ஒரு பள்ளிவாசல் என்பதைக் கவனியுங்கள்! போட்டியில் கலந்துகொண்டவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் மாபெரும் மார்க்க மேதையாகத் திகழ்ந்த அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள். பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நடத்தியதையும், அதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்து மகிழ்வதற்காகப் பெருமானார் அவர்களே மறைவாக நின்றுகொண்டதையும் நாம் படித்திருக்கிறோம்.

உஹுதுப் போருக்குப் புறப்பட்ட வேளையில் நிகழ்ந்த ஒன்றை வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். பதினைந்து வயதை ஒட்டிய சிறுவர்கள் சிலர் வரிசையில் நின்றார்கள். வயது போதாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) நன்றாக அம்பெய்யக்கூடியவர் என்று எடுத்துரைக்கப்பட்டதும், அவருக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. இதைக் கண்ட ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி) என்ற சிறுவர், குஸ்தியில் ராஃபிஉவை நான் வீழ்த்துவேனே என்று தம் வளர்ப்புத் தந்தையிடம் முறையிட்டார். அவர் அதைச் சிறுபிள்ளைப் பேச்சு என்று தள்ளாமல் பெருமானாரிடம் கொண்டு சென்றார். பெருமானார் அவர்கள் என்ன செய்தார்கள்? இருவரையும் அங்கேயே குஸ்திக்கு விட்டுப் பார்த்தார்கள். ஸமுரா வென்றார். அவருக்கும் அனுமதி கிடைத்தது.

போருக்குப் புறப்படும் பரபரப்பு, எதிரே பெரும்படை, ஆயிரம் கவலைகள். அந்த நேரத்திலும் ஒரு சிறுவனின் முறையீட்டைக் கேட்க ஒரு தந்தைக்கு நேரம் இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்கத் தலைவருக்கும் நேரம் இருந்தது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு பெருமானார் (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியதும் நபிமொழி நூல்களில் வருகிறது. ஒரு பயணத்தில் அன்னை அவர்கள் முந்தினார்கள். பிற்பாடு இன்னொரு பயணத்தில் பெருமானார் முந்தினார்கள். அன்றைக்கு இது ஈடாயிற்று என்று சிரித்துக்கொண்டே கூறினார்கள். இதில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. ஓடுவதற்கு முன் தோழர்களை நோக்கி, நீங்கள் முன்னே செல்லுங்கள் என்று பெருமானார் பணித்தார்கள். கூட்டம் கண்ணுக்கு மறைந்த பின்னரே பந்தயம் நடந்தது. கூட்டம் இருக்கிறது, ஆகவே ஓட வேண்டாம் என்று அவர்கள் மறுக்கவில்லை. கூட்டத்தை முன்னே அனுப்பி, நாணத்தையும் மகிழ்ச்சியையும் ஒருசேரக் காத்தார்கள்.

தோல்வியைப் பற்றியும் அங்கே பாடம் இருக்கிறது. பெருமானாரின் ஒட்டகம் அள்பா, எந்தப் பந்தயத்திலும் தோற்றதில்லை. ஒருநாள் கிராமத்து அரபி ஒருவரின் இளம் ஒட்டகம் அதை முந்திவிட்டது. தோழர்கள் வருந்தினார்கள். உலகில் உயரும் எதையும் ஒருநாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று பெருமானார் விளக்கினார்கள். 2025 ஆகஸ்ட் 3ஆம் நாள் லண்டன் ஓவல் மைதானத்தில் சிராஜ், ஹாரி புரூக் அடித்த பந்தைப் பிடித்தார். ஆனால் கால் எல்லைக் கயிற்றில் பட்டுவிட்டது. 19 ஓட்டங்களில் வெளியேற வேண்டிய புரூக் 111 ஓட்டங்கள் எடுத்தார். உலகமே சிராஜைக் குறை கூறியது. மறுநாள் காலை அதே சிராஜ் பந்து வீசி ஐந்து விக்கெட்டுகளை நிறைவு செய்தார். இந்தியா ஆறு ஓட்டங்களில் வென்றது. தோற்று வரும் பிள்ளையைத் திட்டுகிற பெற்றோர், அந்த ஓர் இரவு சிராஜுக்கு எப்படிக் கழிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கட்டும். அந்த இரவில் பிள்ளைக்குத் தேவை ஆறுதலான ஒரு சொல்.

நான் செய்த பிழை

இப்போது என்னைப் பற்றிய செய்தியைச் சொல்கிறேன். சொல்லாமல் விட்டுவிடலாம், ஆனால் இதை மறைத்துவிட்டு மற்றவற்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் இஷாத் தொழுகைக்குப் பின் ஒரு தந்தை என்னிடம் வந்தார். விசைத்தறியில் உழைக்கும் ஏழை. அவருடைய மகள் பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து, மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். திருவள்ளூர் போக வேண்டும். "ஹஜ்ரத், அனுப்பலாமா?" என்று கேட்டார். நான் அன்று களைப்பாக இருந்தேன். "பெண் பிள்ளைக்கு எதற்கு ஓட்டப்பந்தயம்? படிக்கச் சொல்லுங்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போய்விட்டேன். அவர் "சரிங்க ஹஜ்ரத்" என்று சொல்லி ஸலாம் கூறிச் சென்றார். அந்தப் பெண் போகவில்லை.

வெகுநாள் கழித்து அவரைக் கடைத்தெருவில் சந்தித்தபோது, "மகள் இப்போது ஓடுகிறாளா?" என்று தற்செயலாகக் கேட்டேன். "இல்லை ஹஜ்ரத். அதற்குப் பிறகு அவள் எதுவுமே என்னிடம் கேட்பதில்லை" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஃபத்வா கேட்டு வருபவரிடம் விவரங்களை முழுமையாக விசாரித்த பின்னரே விடை கூற வேண்டும் என்று உஸ்தாதுமார்கள் எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். நான் என்ன விசாரித்தேன்? துணைக்கு யார் போகிறார்கள் என்று கேட்டேனா? என்ன உடையில் ஓடுவாள், பெண் ஆசிரியை உடன் செல்கிறாரா, தொழுகைக்கு இடம் உண்டா என்று கேட்டேனா? ஒன்றையும் கேட்கவில்லை. விசாரித்த பின், இந்த இந்தக் காரணங்களால் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அது மார்க்கத் தீர்ப்பு. விசாரிக்காமல் சொன்னது என் களைப்பின் தீர்ப்பு. அதற்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டிவிட்டேன். ஸமுராவின் வளர்ப்புத் தந்தை சொன்னதைப் பெருமானார் காது கொடுத்துக் கேட்டார்கள். அவர்களின் மிம்பரில் நிற்கும் இந்த எளியவன், தன்னிடம் வந்த தந்தையின் சொல்லைக் கேட்கவில்லை.

அந்தத் தந்தையிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் பெரிய மனதோடு மன்னித்தார். அந்த மகளிடம் என் மனைவி மூலம் சொல்லி அனுப்பினேன். அல்லாஹ்வும் என்னை மன்னிப்பானாக.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் இதுதான். பிள்ளையின் உடலில், அறிவில், விரலில் அல்லாஹ் வைத்திருக்கும் திறமை பெற்றோரிடமும் ஜமாஅத்திடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அடகு வைத்த நகையைத் தொலைத்தவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். அமானிதத்தைத் தொலைத்தவனுக்கும் மறுமையில் கேள்வி உண்டு. பெரியவர் கேட்ட கேள்விக்கு விடையும் இதுவே. இன்று நாம் ஓடிய காலுக்குப் பரிசு கொடுக்கவில்லை. அமானிதத்தைப் பேணிய குடும்பத்துக்கு துஆச் செய்து ஊக்கம் தருகிறோம்.

எல்லையும் ஏற்பாடும்

விளையாட்டுக்கு எல்லை உண்டு என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. பர்ளான தொழுகை தவறக் கூடாது. பணம் வைத்து ஆடுவதும், பிறர் ஆடுவதன் மீது பணம் கட்டுவதும் ஹராம். கைப்பேசியில் கட்டினாலும் ஹராம்தான். உடை மார்க்கம் கூறும் வரம்புக்குள் இருக்க வேண்டும். உடலுக்கு நிலையான கேடு தரும் ஆட்டம் வேண்டாம். படிப்பைக் கைவிடக் கூடாது. இரவெல்லாம் பிறர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு பஜ்ரு தொழுகைக்கு எழாதவர், விளையாட்டு வீரரும் அல்லர், விளையாட்டை நேசிப்பவரும் அல்லர்.

எல்லையைச் சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. எல்லைக்குள் வழி செய்து தருவதும் கடமை. ஆகவே நிர்வாகக் குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறேன்.

முதலாவது, நம் ஜமாஅத்துப் பிள்ளை எவரேனும் மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்குத் தேர்வானால், வறுமை காரணமாகப் போக முடியாத நிலை வரக் கூடாது. பேருந்துக் கட்டணமும் உணவுச் செலவும் ஜமாஅத்தின் கல்வி நிதியிலிருந்து வழங்கப்பட வேண்டும்.

இரண்டாவது, பெண் பிள்ளை தேர்வானால் தாயோ மஹ்ரமான உறவினரோ துணைக்குச் செல்வதற்கான செலவையும் ஜமாஅத் ஏற்க வேண்டும். ஒரு தறித் தொழிலாளி ஒருநாள் கூலியை இழந்துதான் மகளோடு போக முடியும். அந்தக் கூலிக்கு ஈடு செய்தால், வேண்டாம் என்ற சொல்லுக்குப் பாதித் தேவை இல்லாமல் போய்விடும்.

மூன்றாவது, மக்தப் முடிந்து அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பிள்ளைகள் விளையாட ஓர் இடம் ஒதுக்க வேண்டும். நான் அரபிக் கல்லூரியில் ஓதிய காலத்தில் அஸருக்குப் பின் கிதாபைத் தொடவே எங்களுக்கு அனுமதி கிடையாது. உஸ்தாது பிரம்போடு வந்து எங்களை மைதானத்துக்குத் துரத்துவார். மஃரிபு பாங்கு சொன்னதும் வியர்வையோடு ஓடிவந்து ஒளுச் செய்து முதல் ஸஃபில் நிற்போம். இரவுப் பாடத்தில் அன்றைக்கு யாரும் தூங்கியதில்லை.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் உருது, கடைத்தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று மூன்று மொழியில் பேசும் பிள்ளைகள் நம் பிள்ளைகள். மூன்று மொழியில் பேசும் பிள்ளையிடம் ஒரு மொழியிலாவது, இன்று என்ன செய்தாய், எதில் உனக்கு ஆசை என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை. மெகபூப் பாஷாவும் முஹம்மது கவுஸும் பணக்காரர்கள் அல்லர். பிள்ளைகளைக் கண்டுகொண்டவர்கள். அவ்வளவே.

ஒரு தாயின் ஓட்டம்

முடிவாக ஒன்று. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்பவர்கள் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை செல்கிறோம். அது எதனால் வந்தது? பாலைவனத்தில் பச்சிளம் குழந்தை தாகத்தால் துடித்தபோது, அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் தண்ணீரைத் தேடி ஓடினார்கள். முதல் முறை கிடைக்கவில்லை. இரண்டாம் முறை கிடைக்கவில்லை. ஏழாம் முறை வரை நம்பிக்கை இழக்கவில்லை. அல்லாஹ் ஸம்ஸமை வெளிப்படுத்தினான். பெற்ற பிள்ளைக்காக ஒரு தாய் ஓடிய ஓட்டத்தை, மன்னரும் ஏழையும், ஆலிமும் பாமரரும் கியாமத் நாள் வரை நிறைவேற்ற வேண்டிய வணக்கமாக அல்லாஹ் ஆக்கிவிட்டான்.

குடும்பம், ஈமான், முயற்சி ஆகிய மூன்றும் அந்த ஓட்டத்தில் ஒன்றாக இருக்கின்றன. நம் பிள்ளைகள் ஓடட்டும். அவர்களுக்காக நாமும் கொஞ்சம் ஓடுவோம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு உடல் நலத்தையும் ஒழுக்கத்தையும் பயனுள்ள கல்வியையும் தருவாயாக. வெற்றியில் பணிவையும் தோல்வியில் பொறுமையையும் தருவாயாக. அவர்களின் திறமைகளைக் கண்டுகொள்ளும் பார்வையைப் பெற்றோருக்கும், கேட்டு வருபவர்களின் சொல்லைச் செவிமடுக்கும் உள்ளத்தை எங்களைப் போன்ற இமாம்களுக்கும் தருவாயாக. மரணித்துவிட்ட எங்கள் பெற்றோரின் கபுருகளை ஒளிமயமாக்குவாயாக. ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.